முதலில் தராசு வாங்குங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் டிரோன் செய்ய ஆசைப்படும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை பக்கங்களில் பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படிக்கிறவர்கள், பிளஸ் டூ இயற்பியலோடு பந்தய டிரோன் வீடியோக்களையும் விடாமல் பார்க்கிறவர்கள், கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரத்தில் உறைவிடப் பள்ளிகளில் இருப்பவர்கள் என உங்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுத் திண்ணையிலோ விடுதி அறையிலோ உட்கார்ந்து பந்தய டிரோன் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கிறது. அது நல்ல ஆசை. அதை நிறைவேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: சின்னதாகச் செய்யுங்கள், கிராம் கிராமாக எடை பார்த்துச் செய்யுங்கள்.

கல்லூரிகளின் புராஜெக்ட் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கிவரும் பெரிய சட்டம், மேலே தண்ணீர் கேன், கீழே கேமரா. மேஜைமேல் கம்பீரமாக நிற்கும். பறக்கச் சொன்னால் சாக்கு வரும். பெரிதாகச் செய்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. டிரோன் விஷயத்தில் அந்த எண்ணம் தவறு. ஐந்து கிலோ இயந்திரம் ஒன்றைச் செய்து பயந்து பயந்து பத்து நிமிடம் பறக்கவிடுகிறவனைவிட, 140 கிராம் இயந்திரத்தைச் செய்து, மோதி, உடைத்து, அன்று மாலையே ஒட்டிப் பறக்கவிடுகிறவள் பத்து மடங்கு கற்றுக்கொள்கிறாள்.

சட்டமும் எடை குறைந்தவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25ஆம் தேதி அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளவை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவைப் பறக்கவிட ஓட்டுநர் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவுக்கும், வணிக நோக்கம் இல்லாதவரை, வேண்டாம். அதற்கு மேலே போனால் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டிப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கதவு மூடித்தான் இருக்கும். இன்னொன்று: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை முழு உருவாகவோ, பாதி பூட்டியோ, பிரித்த பாகங்களின் தொகுப்பாகவோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. தனித்தனி உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டுவதுதான் நேர் வழி. அரசாங்கமே நம்மைச் சால்டரிங் பழகச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி எடைக் கணக்கு. மூன்று அங்குல ப்ராப் (சுழலும் இறக்கை) போடும் சிறிய பந்தய டிரோன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்பன் ஃபைபர் ஃப்ரேம் 22 கிராம். 1404 அளவு மோட்டார் ஒன்று 9 கிராம், நான்கும் சேர்ந்து 36. ஃப்ளைட் கன்ட்ரோலரும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு ஈ.எஸ்.சி.யும் ஒரே பலகையில் வருவதை வாங்கினால் 9. கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் 8. ரிசீவர் 1. ப்ராப் நான்கும் 5. வயர், கனெக்டர், கெப்பாசிட்டர், ஸ்க்ரூ எல்லாம் 8. நான்கு செல் கொண்ட 4எஸ் 450 எம்ஏஎச் லிபோ பேட்டரி 55. கூட்டினால் 144 கிராம். கம்பெனிக்குக் கம்பெனி இரண்டொரு கிராம் கூடும், குறையும். இத்தகைய மோட்டார் ஒன்று முழு வேகத்தில் சுமார் 200 கிராம் தூக்கும், நான்குக்கும் 800. எடையைப்போல் ஐந்தரை மடங்கு இழுவிசை கையில் இருக்கிறது. இப்போது ஆசைப்பட்டு 20 கிராம் அதிகமாகச் சேர்த்துப் பாருங்கள்: கொஞ்சம் தடித்த ஃப்ரேம், நீளமாக விட்ட வயர், எல்.இ.டி. பட்டை, தேவைக்கு மேல் நீளமான ஸ்க்ரூக்கள். ஐந்தரை ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். வளைவில் திரும்பும்போது அந்த வித்தியாசத்தை விரலே உணரும்.

கூடும் கிராம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிளஸ் ஒன் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் படித்திருப்பீர்கள். நிறையை, அச்சிலிருந்து உள்ள தொலைவின் இருமடியால் பெருக்குவது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் உயிரோடு நடமாடும் இடம் இது. டிரோன் உருளவும் கவிழவும் திரும்பவும் எவ்வளவு சிரமப்படும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பேட்டரி 55 கிராம் இருந்தாலும் நடுவில் இருப்பதால் அதன் தொல்லை குறைவு. மோட்டார் கையின் நுனியில், நடுவிலிருந்து ஆறேழு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது; அங்கே கூடும் ஒவ்வொரு கிராமும் பல மடங்காகத் தொந்தரவு தரும். அதனால் எடையைக் குறைக்க வேண்டுமானால் நுனியிலிருந்து தொடங்குங்கள். முதலில் ப்ராப், அடுத்து மோட்டார் ஸ்க்ரூ, பிறகு மோட்டார் வயரின் நீளம். 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் வாங்கும் முன்பு அதை வாங்குங்கள். வந்திறங்கும் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

எடையைக் கட்டிப்போட்டு வேலை செய்வது எவ்வளவு பெரிய பயிற்சி என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக், தன் 18ஆம் வயதில் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா குழுவோடு சேர்ந்து செய்த கலாம்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளின் எடை 64 கிராம்தான். நான்கு சென்டிமீட்டர் கன சதுரத்துக்குள் அடங்க வேண்டும், 64 கிராமைத் தாண்டக் கூடாது என்பது போட்டியின் நிபந்தனை. முப்பரிமாண அச்சில் கார்பன் ஃபைபர் கூடு செய்து அதற்குள் சென்சார்களை அடக்கினார்கள். 2017 ஜூன் 22இல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து நாசாவின் ராக்கெட் ஒன்றில் அது மேலே போய் வந்தது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு அந்த 64 கிராம் எல்லைதான் வழி திறந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு அந்த எல்லை 250 கிராம். தாராளமான எல்லைதான்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் கே.வி. என்று ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. 3800 கே.வி. மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால் 56,000 சுற்றுக்கு மேல். ப்ராப் மாட்டினால் அதில் நல்ல பங்கு குறையும். கே.வி. அதிகம் என்றால் பலம் அதிகம் என்று நினைத்து 4எஸ் பேட்டரிக்கு 6000, 7000 கே.வி. மோட்டார் போட்டுவிடாதீர்கள், மோட்டார் சூடேறிக் கருகும், பேட்டரி உப்பும். பறக்கும் நேரம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். 450 எம்ஏஎச் பேட்டரியிலிருந்து சராசரியாக 8 ஆம்பியர் இழுத்தால் அவ்வளவுதான் வரும். பந்தயத்துக்கு அது போதும்.

சமவெளியில் பழகிவிட்டு மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். ப்ராப் தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்றும் குறையும். 800 மீட்டர் உயரத்தில், வெப்பநிலை ஒரே அளவாக இருந்தால், கள்ளக்குறிச்சி ஊரைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 7, 8 சதவீதம் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் கீழே 40 டிகிரி இருக்கும் நாளில் மேலே 28 டிகிரிதான் என்றால் வித்தியாசம் பாதியாகிவிடும், ஏனென்றால் சூடான காற்றும் மெலிந்த காற்றுதான். இழுவிசையை எடைக்கு ஐந்து மடங்குக்கு மேல் வைத்திருக்கிறவருக்கு மலையிலும் சிரமம் இராது. விளிம்பில் கட்டியவருக்குத்தான் தெரியும். மலையில் இன்னொரு சங்கதி பனி. காலைப் பனியில் பறக்கவிட்டுச் சர்க்யூட்டில் ஈரம் இறங்கினால் பலகை போய்விடும். கன்ஃபார்மல் கோட்டிங் என்று விற்கும் பூச்சை, யுஎஸ்பி துளையிலும் பட்டன்களிலும் படாமல், இரண்டு முறை பூசிவிடுங்கள்.

ஃப்ரேமுக்கு வருவோம். கார்பன் ஃபைபர் விறைப்பாக இருக்கும், எடை குறைவு. ஆனால் மின்சாரம் கடத்தும். வயரின் தோல் உரிந்து ஃப்ரேமில் பட்டால் ஷார்ட் ஆகும். அதை வீட்டில் அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டு, வெட்டவெளியில் அறுங்கள். முதல் ஃப்ரேமை மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து பார்க்கச் சொல்வேன். மின்சாரம் கடத்தாது, உடைந்தால் நூறு ரூபாய்கூட நஷ்டம் இல்லை, வடிவத்தை நாலைந்து விதமாக மாற்றிப் பார்க்கலாம். நம் மாவட்டத்தின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடினால் கை தாங்கும், எந்தப் பக்கம் ஓடினால் பிளக்கும் என்று சொல்லித்தரக்கூடிய சிற்பிகள் உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

பூட்டும் வேலையில் சில விஷயங்களுக்கு நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மேஜைமேல் பேட்டரி இணைக்கும்போது ப்ராப் கழற்றித்தான் இருக்க வேண்டும். மூன்று அங்குல பிளாஸ்டிக் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சுற்றில் அது கத்தி. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, நேராக இணைக்காமல், டூவீலர் மெக்கானிக்கிடம் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பலகை பிழைத்துக்கொள்ளும். ஷார்ட் இல்லையென்றால் ஒருமுறை மினுங்கி அணையும். அந்தப் பல்பு காப்பாற்றும் பலகையின் விலை சில ஆயிரம் ரூபாய். அடுத்தது ஃபெயில்சேஃப். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் நிற்கின்றனவா என்று, ப்ராப் இல்லாமல், ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள். இதைச் சோதிக்காத டிரோனைத் தரையைவிட்டு எழும்ப விடாதீர்கள்.

மென்பொருளுக்குக் காசு இல்லை. ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் பீட்டாஃப்ளைட், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் ஊதியம் இல்லாமல் எழுதிப் பராமரிப்பது. அதன் மூதாதையான மல்ட்டிவீ, நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவியின் கைப்பிடியில் இருந்த ஜைரோ சென்சாரைப் பிடுங்கி, அதை வைத்துப் பல ப்ராப் கொண்ட கலத்தைச் சமநிலையில் நிறுத்த முயன்றவர்களிடமிருந்து பிறந்தது. பெயரிலேயே வீ இருக்கிறது. இன்று கோடிக்கணக்கில் புரளும் ஒரு துறை, விளையாட்டுச் சாமானைப் பிரித்துப் பார்த்தவர்களின் மேஜையிலிருந்தும் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். ரிமோட் தொடர்புக்கு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ், அதுவும் திறந்த மூலம். மலையில் இணையம் சரியாகக் கிடைக்காத இடங்களில் இருப்பவர்கள், கீழே வரும்போதே மென்பொருளை இறக்கி லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பறப்பதற்கு இணையம் தேவையில்லை. முதல் இரண்டு மாதம், சமநிலையைத் திருத்தும் பி.ஐ.டி. எண்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள். டிரோன் நடுங்கினால் பத்துக்கு எட்டு முறை காரணம் தளர்ந்த ஸ்க்ரூவோ வளைந்த ப்ராப்போ மோட்டார் தண்டின் கோணலோதான்.

பேட்டரி விஷயத்தில் நம் ஊர் வெயிலை நினைத்து எனக்குக் கவலை அதிகம். லிபோ செல் ஒன்று 4.2 வோல்ட்டில் நிறையும். 3.5க்கு வந்தவுடன் தரையிறக்கிவிட வேண்டும். நாளைக்குப் பறக்கப்போவதில்லை என்றால் 3.8இல் வைக்க வேண்டும். முழுதும் ஏற்றிய பேட்டரியை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் போட்டுவைப்பதும், வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் வைப்பதும் கூடாது. 450 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.45 ஆம்பியர்தான் சார்ஜ். கட்டில்மேலோ மெத்தைமேலோ வைக்காமல் சிமென்ட் தரையில் வைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தி, கட்டி, இன்னொரு முறை என்று ஓட்டாதீர்கள். இந்த ஒரு பத்தியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கே பறக்கவிடுவது? அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பதிவு விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி தேவையில்லை. பந்தயத்துக்கு அவ்வளவு உயரமே வேண்டாம். தென்னை உயரம் தாண்டாமல் பழகலாம். அறுவடை முடிந்த வயல், விடுமுறையில் பள்ளி மைதானம், நீர் வற்றிய ஏரியின் உட்பகுதி ஆகியவை நல்ல இடங்கள், உரியவரிடம் கேட்டுக்கொண்டு. டிரோன் கேமராவின் படத்தைக் காட்டும் கண்ணாடியை மாட்டி ஓட்டுகிறவருக்கு அக்கம்பக்கம் தெரியாது. பக்கத்தில் வெறும் கண்ணால் வானத்தைப் பார்க்க ஒருவர் எப்போதும் நிற்கட்டும். வீடியோவுக்கு 5,725 முதல் 5,875 மெகாஹெர்ட்ஸ் வரைதான் என்று வைத்துக்கொண்டால், ரேஸ்பேண்ட் என்ற சேனல் வரிசையில் 3 முதல் 6 வரை நான்கு சேனல்கள் அதற்குள் அடங்கும். நாலு பேர் ஒரே நேரத்தில் பறக்கலாம். 25 மில்லிவாட் போதும்.

144 கிராம் டிரோன் ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பந்தின் கனம்தான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 45 ஜூல். அதே வேகத்தில் 650 கிராம் எடையுள்ள ஐந்து அங்குல ப்ராப் டிரோனுக்கு 200 ஜூலுக்கு மேல். இரண்டுமே முகத்தில் பட்டால் காயம்தான். ஆடு மாடு, சின்னப் பிள்ளைகள், மின்கம்பி, நெடுஞ்சாலை எதன் மேலும் பறக்கவிடாதீர்கள். சின்னதாகச் செய்யுங்கள் என்று நான் மன்றாடுவதற்கு, பணத்தையும் சட்டத்தையும்விட, இதுவே பெரிய காரணம்.

கல்வராயன் மலையில் பறக்கவிடுவதற்கு முன் இன்னும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன்பின் மலையில் சாராய வேட்டை கடுமையானது. ஊறல்களைத் தேட டிரோன்களும் பறந்தன. மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுக்கு மேலே ஓர் இயந்திரம் இரைந்துகொண்டு வந்தால், யாரோ நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் டிரோனைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு அவர்கள் சாமை வயலை அவர்களே மேலிருந்து பார்க்கட்டும். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. மேகம் அருவியை வீடியோ எடுக்கும் ஆசையில் நுழைந்து மாட்டிக்கொண்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கதவு மூடும்.

செலவை மறைக்க மாட்டேன். டிரோன், ரிமோட், கண்ணாடி, சார்ஜர், நாலைந்து பேட்டரி எல்லாம் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது கடன் வாங்கும் தொகை. கடன் வாங்காதீர்கள். ரிமோட்டும் கண்ணாடியும் சார்ஜரும் ஆறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். டிரோன் மட்டும் ஆளுக்கொன்று. அதற்கும் முன்னால், ரிமோட்டை லேப்டாப்பில் இணைத்துச் சிமுலேட்டரில் பழகுங்கள். அங்கே ஆயிரம் தடவை மோதினாலும் ஒரு ப்ராப்கூட உடையாது. அரசுப் பள்ளி லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்பீர்கள். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்து முயன்று பாருங்கள்.

வயதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். 2016 மார்ச்சில் துபாயில் நடந்த உலக டிரோன் பந்தயத்தில் முதல் பரிசு இரண்டரை லட்சம் டாலரை வென்ற அணியின் ஓட்டுநர் லூக் பேனிஸ்டர், பிரிட்டனைச் சேர்ந்த 15 வயதுப் பையன். 2018இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்ற ஆஸ்திரேலியாவின் ரூடி பிரவுனிங்குக்கும் அப்போது 15 வயதுதான். பிறகு ஆட்டம் மாறியது. 2023இல் சூரிக் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் என்ற தானியங்கி டிரோன் மனிதச் சாம்பியன்களைத் தோற்கடித்தது. 2025 ஏப்ரலில் அபுதாபியில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிரோனும் அதையே செய்தது. இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். அந்த டிரோனையும் யாரோ திருகு திருகி, நிறுத்து, ஈயம் வைத்துத்தான் செய்தார்கள். நம் குரோம்பேட்டை எம்ஐடியில் முனைவர் கே. செந்தில்குமார் வழிகாட்டிய தக்‌ஷா அணி 2018இல் ஆஸ்திரேலியாவின் மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. மாநில அரசின் ஆளில்லா வான்கலங்கள் கழகமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. நாளைக்குக் கரும்புக்கும் மரவள்ளிக்கும் மருந்து தெளிக்க வரும் பெரிய டிரோனில் இருப்பதும் இதே மோட்டார், இதே ஈ.எஸ்.சி., இதே ஜைரோதான். 140 கிராமில் கைபழகியவர் 25 கிலோவைப் பழுதுபார்க்கப் பயப்பட மாட்டார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. முறையாக அனுமதி வாங்கி ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆய்வகத்தில் ஒரு மேஜை, இரண்டு சால்டரிங் அயர்ன், இவ்வளவு போதும் தொடங்க. பெண் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அயர்னை அவர்கள் கையில் கொடுங்கள்.

கடைசியாக, சமவெளியில் இருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூரியர் வருவதும் கஷ்டம், சொல்லித்தர ஆள் கிடைப்பதும் கஷ்டம். உங்கள் குழு இரண்டாவது டிரோனை முடித்ததும், முதலாவதை ஒரு ரிமோட்டோடும் உதிரி ப்ராப்களோடும் வெள்ளிமலைப் பக்கத்து உறைவிடப் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுபோய், தலைமையாசிரியர் முன்னிலையில் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்துக்காரன்